திடப்படுத்தல் பெற்ற மகளுக்கு

மகளே,

பிஷப் ஐயா உன் தலையில் கை வைத்து ஜெபித்தார். முதல் நற்கருணையும் எடுத்துவிட்டாய். வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தை ஒப்பித்தபோது, சரீரம் உயிர்த்தெழும் என்று நம்புவதாகவும் சொல்லியிருக்கிறாய். அந்த வரியைச் சொல்ல ஒரு நொடி போதும். அதை நம்பி வாழ ஓர் ஆயுள் வேண்டும். பள்ளிக்கூடத்து வாத்தியாராகவும் சபைக் கமிட்டியிலும் இருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன்: உயிர்த்த பண்டிகை விடியற்காலை ஆராதனையில் அந்த நம்பிக்கை யாருக்கும் குறைவதில்லை. கையில் மெழுகுவர்த்தியும், பாட்டும், சுற்றி நிற்கும் ஜனமும் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பிறகு வரும் சாதாரண நாட்களில்தான் அது ஆட்டம் காணும். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பார், வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடப்பார், அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அந்த நாட்களுக்காகச் சில வார்த்தைகள் எழுதுகிறேன். வரிசைப்படிதான் படிக்க வேண்டும் என்றில்லை.

1. அதிகாரம் முடிந்ததும் வேதத்தை மூடிவிடாதே. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தை அடக்க ஆராதனைகளில் நீ கேட்டிருப்பாய். கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் நம் விசுவாசமே வீண் என்று துணிந்து சொல்கிறார். எழுந்தவரைக் கண்டவர்களை ஒவ்வொருவராக அடுக்குகிறார். ஒரே வேளையில் 500 பேருக்கு மேல் பார்த்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சாட்சிக்கு இழுக்கிறார். கடைசியில் மரணத்தையே முகத்துக்கு நேராகப் பார்த்துச் சவால் விடுகிறார். 58 வசனங்கள். அத்தோடு சபை ஐயர் வாசிப்பை நிறுத்திவிடுவார். நீ அடுத்த வரிக்குப் போ. எருசலேமில் வறுமையில் இருக்கும் விசுவாசிகளுக்காகப் பணம் சேர்ப்பதைப் பற்றி அங்கே பேசுகிறார்: வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் அவரவர் வரவுக்குத் தக்கபடி வீட்டில் எடுத்துவைக்க வேண்டுமாம். அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. பவுல் எழுதிய தாளில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. எக்காளச் சத்தம் அடங்குமுன்பே காணிக்கைக் கணக்குக்கு வந்துவிடுகிறார். வாரத்தின் முதல் நாள் என்பது கல்லறை காலியான நாள் என்று அவருக்குத் தெரியும்.

என் அம்மா உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று திருநெல்வேலிச் சபைகளில் இதற்குப் பெயர். எத்தனையோ கோயில்களும் பள்ளிக்கூடங்களும் அந்த அரிசியில் எழும்பியவை. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் கஞ்சிதான். அப்போதும் டப்பாவில் அரிசி விழும் சத்தம் நிற்கவில்லை. கைப்பிடி சிறுத்தது, அவ்வளவுதான். அம்மா உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. உனக்குச் சம்பளம் வரும் காலத்தில், சமைத்து மிஞ்சியதைக் கொடுக்காமல் களைவதற்கு முன்னால் எடுத்துவை.

2. சந்தேகம் வந்தால் பயப்படாதே, மறைக்கவும் செய்யாதே. கல்லறைக்குப் போய் வந்த பெண்கள் சொன்னதை அப்போஸ்தலரே வெறும் பேச்சு என்று தள்ளினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். கலிலேயா மலையில் இயேசுவை நேரில் கண்டபோதும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். கட்டுக்கதை எழுத வந்தவர் இதையெல்லாம் விட்டிருப்பார். தோமாவை எடுத்துக்கொள். காயத்தில் விரல் போட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று அடம்பிடித்தவர். எட்டு நாள் கழித்து ஆண்டவர் மறுபடி வந்தபோது அவர் எங்கே இருந்தார்? மற்றவர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தார். நம்பாதவன் எங்களோடு உட்காரக் கூடாது என்று அவரை யாரும் வெளியே தள்ளவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அந்த எட்டு நாள்தான் எனக்குப் பிடித்த இடம். நம் நாட்டுக்கு வந்து மயிலாப்பூரில் இரத்தம் சிந்தினார் என்று பாரம்பரியம் சொல்வதும் அந்தத் தோமாவைத்தான். உனக்குக் கேள்வி இருக்கும்போது ஆராதனைக்குப் போவதை நிறுத்தாதே. கேள்வியோடு வருகிற வேறொரு பிள்ளைக்கும் பக்கத்தில் இடம் விடு.

3. துக்க வீட்டில் வாயை அடக்கு. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு அந்தக் கல்லறைக்குப் போனார். போனவர் முதலில் அழுதார். சில நிமிஷத்தில் அழுகை தீர்ந்துவிடப் போகிறதே என்று மார்த்தாளையும் மரியாளையும் பார்த்து அவர் சிரிக்கவில்லை. நாமோ பெட்டி மூடுவதற்கு முன்னாலேயே, அழாதே, பரலோகத்தில் பார்ப்போம் என்று ஆரம்பித்துவிடுகிறோம். அது உண்மைதான், நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் அழுகிறவளின் வாயைப் பொத்துவதற்கு அந்த உண்மையைப் பயன்படுத்தினால் அது கல்லாக விழும்.

என் சின்ன வயதில் எங்கள் ஊர் உபதேசியார் ஒருவர் இருந்தார். துக்க வீட்டுக்கு வந்தால் நேரே கொல்லைப்புறம் போவார். தண்ணீர் இருக்கிறதா, பால் வந்ததா, வெளியூர்க்காரருக்குத் தந்தி போயிற்றா, குழி வெட்டப் போனவர்கள் சாப்பிட்டார்களா என்று பார்ப்பார். பிரசங்கம் சுருக்கமாக இருக்கும். அவருடைய ஊழியம் அடக்கத்துக்குப் பிறகுதான் தொடங்கும். அடக்கத்துக்கு ஊர் வரும், அடுத்த மாதத்துக்கு யார் வருவார்? அவர் வருவார். விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணையில் உட்காருவார், ஏனென்றால் தனியாகிவிட்டவர்களுக்கு அந்த நேரம்தான் பொல்லாதது. இறப்பைக் கெடு நாளுக்குள் பதிந்துவிட வேண்டும் என்று பையனைக் கூட்டிக்கொண்டு போவார். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் மனு எழுதிக்கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாவின் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் ஒற்றி, தாளில் அழுத்தி, மையைத் தம் துண்டாலேயே துடைத்துவிட்டதை நான் பார்த்தேன். மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று நம்புகிறவர் உயிரோடு இருப்பவரை எப்படி நடத்துவார் என்பதை அந்தத் துண்டில் கற்றேன்.

4. உடம்பை மதி, உன்னுடையதையும் பிறருடையதையும். ஆத்துமா மட்டும் போதும், உடம்பு வெறும் கூடு என்று பேசுகிறவர்கள் நம் சபைகளில் நிறைய உண்டு. பக்தியான பேச்சு போல இருக்கும், ஆனால் அது சுவிசேஷம் இல்லை. யவீருவின் 12 வயது மகளை எழுப்பியதும் இயேசு சொன்ன அடுத்த காரியம், அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்பதுதான். தாம் எழுந்த பின்பு சீஷர்கள் முன்னால் பொரித்த மீனைத் தின்று காட்டினார். எழுந்த உடம்பில் ஆணித் தழும்புகள் இருந்தன.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரு சின்ன அறையில் பெண்களுக்கு வைத்தியம் தொடங்கினார். பின்னால் பெரிதாக வளர்ந்த அந்த மருத்துவமனைக்கு 1946-ல் பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாரை இடம் மாற்றி இணைத்து, மறுபடி நீட்டவும் பிடிக்கவும் வைத்தார். அந்த விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டுப்பட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன என்று கண்டு சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். நோயாளி கொதிக்கும் பானையை வெறுங்கையால் இறக்கினால் அவருக்குத் தெரியாது. தழும்புள்ள கைகளோடு எழுந்தவரை வணங்குகிறவர்கள், ஊர் தொடப் பயந்த கைகளைத் தம் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

நீ டாக்டராக வேண்டியதில்லை. உன் பெரியாச்சி படுக்கையில் கிடந்த காலத்தில் உன் அம்மா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து அவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பாள், ராத்திரியிலும். முதுகைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, எலும்பு துருத்தும் இடங்களில் துணி மடித்துவைப்பாள். கடைசி வரைக்கும் படுக்கைப் புண் வரவில்லை. அந்த வேலை உனக்கு வரும் நாளில், ஜெபக்கூட்டத்துக்குப் போக முடியவில்லையே என்று வருந்தாதே.

5. ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்து நில். 325-ல் நிசேயாவில் கூடிய ஆலோசனைச் சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் உயிர்த்த பண்டிகை தொடங்கிப் பெந்தெகொஸ்தே வரைக்கும் முழங்காலிடாமல் நின்றே ஜெபிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. எழுந்தவரின் ஜனம் எழுந்து நிற்க வேண்டும் என்பது ஆதிச் சபையின் எண்ணம். மனுஷருக்கு முன்னாலும் அதை மறக்காதே. உன் சம்பளத்தைப் பிடித்துவைக்கிறவர் முன்னால், உன்னை இழிவாகப் பேசுகிறவர் முன்னால், குரலை உயர்த்தாமல் நிமிர்ந்து பதில் சொல்.

6. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் பார்த்தால் பேசாமல் கடந்துபோகாதே. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை 1910-ல் இடித்தார்கள். கோயிலுக்குள் சுவர் போயிற்று. தமிழ்நாட்டில் பல இடங்களில் கல்லறைத் தோட்டங்களில் அது இன்றைக்கும் இருக்கிறது, சில இடங்களில் செங்கலாக, சில இடங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோடாக. ஒரே எக்காளத்துக்கு எழுந்திருக்கப் போகிறவர்கள் என்று ஆராதனையில் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வாசல் வழியாகச் சவத்தைச் சுமந்துகொண்டு போகிறோம். என் கணிப்பில் உயிர்த்தெழுதலுக்கு விரோதமாக நாத்திகர் பேசும் எந்தப் பேச்சையும் விட இது பெரிய மறுப்பு. உனக்கு வரன் பார்க்கும்போது இந்தக் கேள்வி நம் வீட்டு நடுக்கூடத்துக்கே வரும். அன்றைக்கு நீ விசுவாசப் பிரமாணத்தின் அந்த வரியை எங்களுக்கு ஞாபகப்படுத்து. பெரியவர்கள் கோபப்பட்டாலும் ஞாபகப்படுத்து.

7. சமாதானம் பேசப் போனால் முதலில் சாப்பாடு போடு. பேதுரு ஆண்டவரை மறுதலித்தது கரிநெருப்பு ஓரம் குளிர்காய்ந்தபோது. யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: திபேரியாக் கடற்கரையில், எழுந்த இயேசு தாமே மூட்டிவைத்த நெருப்பு. அதில் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்கள் வலையில் 153 பெரிய மீன்கள். வந்து சாப்பிடுங்கள் என்கிறார். பேதுருவிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது, மூன்று தடவை கேட்கவும் போகிறார். ஆனால் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்கிறார். கேட்டுவிட்டு, குற்றவாளிக்கு வேலையும் கொடுக்கிறார்.

வரப்புத் தகராறில் பேச்சு நின்ற அண்ணன் தம்பிகளை நம் சொந்தத்திலேயே நீ பார்த்திருக்கிறாய். நற்கருணைக்கு ஒருவர் தெற்கு வாசல், ஒருவர் வடக்கு வாசல். கமிட்டி வைத்துப் பேசினோம், ஐயர் பேசினார், வக்கீலும் பேசினார். கடைசியில் அசனப் பண்டிகை அன்றைக்குத் தம்பி மனைவி இலை போட்டு, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்த பந்தியில், பெரியவருக்கு அவளே சோறு பரிமாறினாள். குழம்பு போதுமா அத்தான் என்று கேட்டாள். போதும்மா என்றார் அவர். பேச்சு அங்கே தொடங்கியது. வரப்பு எங்கே போகிறது என்பதை அதற்குப் பிறகு அளந்துகொண்டார்கள்.

8. நீ பெண் என்பதால் உன் சாட்சியைக் குறைத்துக்கொள்ளாதே. காலியான கல்லறையை முதலில் கண்டதும், எழுந்தவரை முதலில் பார்த்து ஓடிவந்து சொன்னதும் பெண்கள். மகதலேனா மரியாள் சொன்ன செய்தியில்தான் சபை தொடங்கியது. அரிசி சுமக்கவும் கோயில் பெருக்கவும் பெண்களைத் தேடுகிறவர்கள், கணக்குப் பார்க்க ஆண்களை உட்காரவைப்பார்கள். கணக்கையும் கேட்டுப் பார்.

9. பேரழிவு வரும்போது கடவுளுக்கு வக்கீலாகப் போகாதே. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தவர்களையும், குளச்சல் முதலான கரைகளில் மீனவர் பிள்ளைகளையும் கடல் எடுத்துக்கொண்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், கொழும்பின் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 250 பேருக்கு மேல் மாண்டார்கள். சீயோன் சபையில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர், நம் தமிழ்ப் பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த ஆண்டவரின் சொரூபத்தில் ஜனங்களின் இரத்தம் தெறித்திருந்தது. அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்குக் காரணம் சொல்ல நிறையப் பேர் கிளம்பினார்கள். கடவுள் சித்தம் என்றார்கள், தண்டனை என்றார்கள், கடைசி கால அடையாளம் என்றார்கள். நீ அந்தக் கூட்டத்தில் சேராதே. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு எழுந்தவர் தம் காயங்களைக் காட்டுகிறார், விளக்கம் கொடுப்பதில்லை. நாமும் அங்கே போனால் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போகலாம், துணி, அரிசி, பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம். நம் உயிர்த்தெழுதல் நம்பிக்கை இவற்றுக்கெல்லாம் இன்னும் பதில் பெறாமல் காத்திருக்கிற நம்பிக்கை. அப்படிக் காத்திருப்பது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதே.

10. பலனைக் கண்ணால் பார்க்க அவசரப்படாதே. நம் தேரிக்காட்டில் பனங்கொட்டை போட்டவர் அதில் பதநீர் குடிப்பது அரிது, பெரும்பாலும் பேரன்தான் ஏறுவான். மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். மணலில் உட்கார்ந்து பிள்ளைகளோடு எழுத்து பழகினார். இடையில் அங்கிருந்த டேனிஷ் அதிகாரியே அவரைச் சில மாதம் சிறையில் போட்டார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1719-ல் 36 வயதில் இறந்துபோனார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு பாதியில் நின்றது, கையில் எடுத்தவர் வேறொருவர். அந்த அச்சுக்கூடத்தின் வழியாகத்தான் உன் கையில் இருக்கும் வேதத்துக்குப் பாதை விழுந்தது.

டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக ஓடியாடியவர். அந்த இருபது வருஷத்தில் படுக்கையில் இருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதினார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அவரைத் தாயென்று அழைத்த அந்த ஒரே சொல்லை மட்டும் பொறித்தார்கள். முடிந்தால் ஒரு தடவை போய்ப் பார். முதலில் சொன்ன அந்த 15-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், ஆண்டவருக்குள் நீங்கள் படும் பாடு வீணாகாது என்று பவுல் முடிக்கிறார். மரித்தோர் எழுந்திருக்கிறார்கள் என்பதிலிருந்து அவர் எடுத்த முடிவு அதுதான். படுக்கையில் கிடப்பவரைத் துடைத்துவிட்ட தண்ணீரும், தாலுகா ஆபீஸில் நின்ற வெயிலும் அந்தக் கணக்கில் சேரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

11. கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் தள்ளிப்போடாதே. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராதே. போன வருஷம் நம் சபையில் அடக்கம் நடந்த வீடுகளை யோசித்துப் பார். அதில் நீ அடக்கத்துக்குப் பிறகு எட்டிப் பார்க்காத ஒரு வீட்டுக்குப் போ. வேதமும் பாட்டுப் புத்தகமும் பையிலேயே இருக்கட்டும். போனவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேள். அவர்கள் பேசி முடிக்கும்வரை கைபேசியை எடுக்காதே. எழுந்து வரும்போது, மறுபடி எப்போது வருவாய் என்று நாள் சொல்லிவிட்டு வா. சொன்ன நாளில் போ.